ஆன்லைன் விண்ணப்பத்தில் படம் ஏறவில்லையா? ஃபைலின் ஹெடரைப் படித்துச் சரிசெய்யும் வழி

தேர்வு விண்ணப்பம் முழுவதையும் நிரப்பிவிட்டு, போட்டோவை ஏற்றும் இடத்துக்கு வந்தால் "செல்லாத கோப்பு" என்று ஒரு வரி வந்து நிற்கும். எது செல்லாது, ஏன் செல்லாது என்று அந்தத் தளம் சொல்வதில்லை. வீட்டில் ஒருவருடைய விண்ணப்பத்துக்காக நான் இதில் மாட்டிக்கொண்டேன். ஸ்டுடியோவுக்கும் பிரவுசிங் சென்டருக்கும் மாறி மாறி அலைந்து, போன இடத்திலெல்லாம் காசு கொடுத்தும் வேலை நடக்கவில்லை. ஃபைலையே திறந்து பைட் பைட்டாகப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. படத்தில் ஒரு குறையும் இல்லை. ஃபைலின் தொடக்கத்தில் இருக்கும் ஹெடர் என்ற பகுதியில்தான் எல்லாச் சிக்கலும் இருந்தது.

ஹெடர் என்பது படத்துக்கு முன்னால் எழுதியிருக்கும் விவரக் குறிப்பு. இது என்ன வகை ஃபைல், அகலம் எத்தனை பிக்சல், உயரம் எத்தனை பிக்சல், நிறம் எந்த முறையில் இருக்கிறது, அச்சிட்டால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதெல்லாம் அதில் இருக்கும். விண்ணப்பத் தளம் உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பார்ப்பது இதைத்தான். இதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிடலாம். புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை.

1. அறிவிப்பில் இருக்கும் எண்களை முதலில் எழுதி வையுங்கள்

எந்த மென்பொருளையும் திறக்கும் முன் அறிவிப்பின் பின்னிணைப்பைப் படியுங்கள். நான்கு விஷயம் வேண்டும்: ஃபைல் வகை, பிக்சல் அளவு, கேபி அளவு, டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண்). கேபியில் மேல் வரம்பு மட்டுமல்ல, கீழ் வரம்பும் இருக்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

எடுத்துக்காட்டாக, ஐபிபிஎஸ் நடத்தும் வங்கித் தேர்வுகளின் அறிவிப்புகளில் போட்டோ 200 × 230 பிக்சல், 20 முதல் 50 கேபி என்றும், கையெழுத்து 140 × 60 பிக்சல், 10 முதல் 20 கேபி என்றும் கேட்டு வருகிறார்கள். இடது கட்டைவிரல் ரேகைக்கு 240 × 240 பிக்சல், 200 டிபிஐ. கையால் எழுதும் உறுதிமொழிக்கு 800 × 400 பிக்சல், 50 முதல் 100 கேபி. உங்கள் தேர்வுக்கு எண்கள் வேறாக இருக்கலாம். போன வருடம் நண்பர் சொன்னதை வைத்து வேலை செய்யாதீர்கள், இந்த வருட அறிவிப்பையே பாருங்கள்.

சில அறிவிப்புகளில் பிக்சல் இருக்காது, சென்டிமீட்டர்தான் இருக்கும். 3.5 × 4.5 செ.மீ., 200 டிபிஐ என்று கேட்டால் கணக்கு இது: ஓர் அங்குலம் 2.54 செ.மீ. ஆகவே 3.5 ஐ 2.54 ஆல் வகுத்து 200 ஆல் பெருக்கினால் 276 பிக்சல் அகலம். அதேபோல் 4.5 க்கு 354 பிக்சல் உயரம். 300 டிபிஐ என்றால் 413 × 531. இந்தக் கணக்கைப் போடாமல் "பாஸ்போர்ட் சைஸ்" என்று மட்டும் கடையில் சொன்னால், அவர்கள் கையில் பழகிய அளவில் ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள்.

2. ஃபைல் பெயரின் வாலை நம்பாதீர்கள்

விண்டோஸ் கணினியில் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியான எக்ஸ்டென்ஷன் வழக்கமாக மறைந்தே இருக்கும். ஃபைல் எக்ஸ்புளோரரில் "வியூ" மெனுவுக்குப் போய் எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொல்லுங்கள். "போட்டோ.ஜேபிஜி.பிஎன்ஜி" என்று இரண்டு வால்கள் ஒட்டியிருப்பது அப்போதுதான் தெரியும்.

அடுத்தது முக்கியம். எக்ஸ்டென்ஷனை மாற்றினால் ஃபைல் மாறாது. வெப்பி (WebP) என்ற வேறொரு வகைப் படத்துக்கு ஜேபிஜி என்று பெயர் வைப்பது, உப்பு டப்பாவில் சர்க்கரை என்று சீட்டு ஒட்டுவதுதான். உங்கள் கணினி அந்தப் படத்தைச் சரியாகவே திறந்து காட்டும், ஏனென்றால் படம் காட்டும் மென்பொருள்கள் பெரும்பாலும் பெயரைப் பார்க்காமல் ஹெடரைப் பார்த்தே திறக்கின்றன. பிரவுசரோ, ஏற்றும்போது பெயரின் வாலை வைத்துத்தான் ஃபைல் வகையைச் சொல்லும். அதனால் தளத்தின் முதல் சோதனையில் படம் தேறிவிடும். சர்வருக்குப் போய் ஹெடரைப் படிக்கும்போது விழும். இன்னும் மோசமான நிலை, ஏறிவிட்டது என்று பச்சை டிக் காட்டிவிட்டு, விண்ணப்பத்தின் பிடிஎஃப்பில் போட்டோ இருக்கவேண்டிய கட்டம் வெறுமையாக வருவது. பணம் கட்டிய பிறகு இது தெரிந்தால் திருத்த வாய்ப்பு இருக்குமா என்பது அந்தந்தத் தேர்வு அமைப்பைப் பொறுத்தது.

பெயர் மாற்றினாலே போதும் என்ற நிலை ஒன்று உண்டு. ஜேபிஜி, ஜேபிஇஜி, ஜேஃபிஃப் மூன்றும் ஒரே ஜேபெக் வகைதான். கூகுளில் இருந்தோ மெயிலில் இருந்தோ இறக்கிய படம் சில கணினிகளில் ஜேஃபிஃப் என்று சேமிக்கப்படும். அதை ஜேபிஜி என்று பெயர் மாற்றினால் போதும். எக்ஸ்டென்ஷன் பெரிய எழுத்தில் இருந்தாலும் சில தளங்கள் ஏற்காது, சிறிய எழுத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

3. முதல் சில பைட்டுகளைப் பாருங்கள்

உண்மையான வகையைக் கண்டுபிடிக்க எளிய வழி இர்ஃபான்வியூ என்ற படம் காட்டும் மென்பொருள். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். பெயருக்கும் ஹெடருக்கும் பொருந்தாத ஃபைலைத் திறந்தால், "இது பிஎன்ஜி ஃபைல், எக்ஸ்டென்ஷன் தவறு, பெயர் மாற்றவா?" என்று அதுவே கேட்கும். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்கள் டெர்மினலில் "ஃபைல்" என்ற கட்டளையைக் கொடுத்து, பக்கத்தில் படத்தின் பெயரைக் கொடுத்தால் போதும். அதுவும் ஹெடரைப் படித்தே பதில் சொல்கிறது.

எதையும் நிறுவ முடியாத கணினி என்றால் நோட்பேடில் திறங்கள். திரை முழுக்கக் கிறுக்கல் மாதிரி வரும், பயப்பட வேண்டாம். முதல் வரியை மட்டும் பாருங்கள். பிஎன்ஜி என்ற மூன்று ஆங்கில எழுத்து தெரிந்தால் அது பிஎன்ஜி. ஜேஎஃப்ஐஎஃப் அல்லது எக்ஸிஃப் என்று தெரிந்தால் ஜேபெக். ஜிஐஎஃப் 89ஏ என்றால் ஜிஃப். ஆர்ஐஎஃப்எஃப் என்று தொடங்கி, நான்கு எழுத்து தள்ளி வெப்பி என்று வந்தால் வெப்பி. சில எழுத்துக்குப் பிறகு எஃப்டிஒய்பி, உடனே ஹெச்இஐசி என்று வந்தால் ஐபோனில் எடுத்த ஹெய்க் படம். பிஎம் என்ற இரண்டு எழுத்தோடு தொடங்கினால் பிஎம்பி. சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற எழுத்துகளும் தெரிந்தால் அது படமே இல்லை, ஸ்கேனர் பிடிஎஃப்பாகச் சேமித்திருக்கிறது. "எச்டிஎம்எல்" என்று தெரிந்தால் படத்துக்குப் பதில் ஒரு வலைப்பக்கத்தை இறக்கி வைத்திருக்கிறீர்கள்.

பார்த்து முடித்ததும் நோட்பேடை மூடுங்கள். சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நோட்பேடில் சேமித்தால் எழுத்தாகப் புரியாத பைட்டுகளை எல்லாம் அது மாற்றி எழுதிவிடும், படம் திரும்ப வராது. ஆகவே எப்போதும் ஃபைலின் நகலைத்தான் திறக்க வேண்டும்.

4. ஜேபெக் ஹெடருக்குள்ளே என்ன இருக்கிறது

பெரும்பாலான தேர்வுகள் கேட்பது ஜேபெக்தான். அதனால் இதை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். எச்எக்ஸ்டி என்ற இலவச ஹெக்ஸ் எடிட்டரில் படத்தின் நகலைத் திறங்கள். பைட் என்பது ஃபைலில் எழுதியிருக்கும் 0 முதல் 255 வரையான ஓர் எண். அந்த எடிட்டர் பைட்டுகளை ஹெக்ஸ் என்ற பதினாறடிமான முறையில் காட்டும்: 255 என்பது எஃப்எஃப் என்றும், 216 என்பது டி8 என்றும் தெரியும். ஒரு பைட்டின்மேல் கிளிக் செய்தால் ஓரத்துப் பெட்டியில் அதன் சாதாரண எண் வரும். இங்கே நான் சாதாரண எண்களிலேயே எழுதுகிறேன்.

276 × 354 பிக்சல், 200 டிபிஐ ஜேபெக் ஒன்றின் தொடக்கம் இப்படி இருக்கும்:

255 216 255 224 0 16 74 70 73 70 0 1 1 1 0 200 0 200 0 0

முதல் இரண்டு பைட், 255 216, ஜேபெக் தொடங்குகிறது என்று சொல்கின்றன. எந்த ஜேபெக்கும் இப்படித்தான் தொடங்கும், வழக்கமாக 255 217 என்று முடியும். கடைசியில் 255 217 இல்லையென்றால் படம் பாதியில் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். இறக்கும்போது நெட் போயிருக்கலாம், பென் டிரைவைச் சீக்கிரம் பிடுங்கியிருக்கலாம். அப்படிப்பட்ட படம் திரையில் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகத் தெரியும். மூலப்படத்தை மறுபடி வாங்குவதுதான் வழி.

அடுத்து 255 224. ஜேபெக்கின் உள்ளே ஒவ்வொரு பகுதியும் 255 இல் தொடங்கும், பக்கத்தில் இருக்கும் எண் அது எந்தப் பகுதி என்று சொல்லும். அதற்கடுத்த 0 16 அந்தப் பகுதியின் நீளம். இரண்டு பைட் எண்ணை வாசிக்க, முதல் பைட்டை 256 ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்ட வேண்டும். இங்கே 0 × 256 + 16 = 16. நீளத்தைச் சொல்லும் அந்த இரண்டு பைட்டும் இந்த 16 இல் அடக்கம். 74 70 73 70 என்பது ஜே, எஃப், ஐ, எஃப் என்ற எழுத்துகள். ஒரு 0, பிறகு பதிப்பு எண்ணான 1 1.

அதற்கடுத்த பைட்டைக் கவனியுங்கள். 1 என்றால் பின்னால் வரும் எண்கள் டிபிஐ. 2 என்றால் சென்டிமீட்டருக்கு இத்தனை புள்ளி. 0 என்றால் டிபிஐயே குறிப்பிடவில்லை, அகல உயர விகிதம் மட்டும்தான். பிறகு வரும் 0 200, 0 200 இரண்டும் கிடைமட்ட, செங்குத்து டிபிஐ. 300 டிபிஐ என்றால் 1 44 என்று இருக்கும்: 256 + 44 = 300.

ஆக, டிபிஐ என்பது ஹெடரில் இருக்கும் ஓர் எண் மட்டுமே. அதை 72 இல் இருந்து 200 ஆக்கினால் படத்தின் ஒரு பிக்சல்கூட மாறாது, தெளிவு கூடவும் செய்யாது. "200 டிபிஐ ஆக்கித் தருகிறோம்" என்று காசு வாங்கும் இடங்களில் சிலர் படத்தை இழுத்துப் பெரிதாக்கிக் கொடுக்கிறார்கள். பிக்சல் கணக்கு மாறிப்போகும், முகமும் மங்கிவிடும். இர்ஃபான்வியூவில் "ஐ" விசையை அழுத்தினால் வரும் பெட்டியில் டிபிஐயை மட்டும் மாற்றி, சேமித்துக்கொள்ளலாம்.

கேமராவில் எடுத்த படங்களில் 255 225 என்று இன்னொரு பகுதி இருக்கும். அதுதான் எக்ஸிஃப். எடுத்த தேதி, கேமரா மாடல், இடத்தின் ஜிபிஎஸ், குட்டிப்படம் எல்லாம் அதில் இருக்கும். டிபிஐ அங்கும் தனியாக எழுதியிருக்கும். இரண்டு இடத்திலும் வேறு வேறு எண் இருந்தால், ஒரு மென்பொருள் 72 என்றும் இன்னொன்று 200 என்றும் காட்டும். எக்ஸிஃப்பை நீக்கிவிட்டுச் சேமித்தால் இந்தக் குழப்பம் தீரும்.

உண்மையான பிக்சல் அளவு இருப்பது 255 192 என்று தொடங்கும் பகுதியில். நம் படத்தில் அது இப்படி இருக்கும்:

255 192 0 17 8 1 98 1 20 3

நீளம் 17. 8 என்பது ஒரு நிறத்துக்கு எத்தனை பிட் என்பது. பிறகு முதலில் உயரம்: 1 × 256 + 98 = 354. அப்புறம்தான் அகலம்: 256 + 20 = 276. ஜேபெக்கில் உயரம் முன்னால் வரும், இதை மாற்றி வாசித்துவிட்டுப் படம் படுத்திருக்கிறது என்று நினைக்க வேண்டாம். கடைசி எண் நிறங்களின் கணக்கு. 1 என்றால் கறுப்பு வெள்ளை, 3 என்றால் வழக்கமான வண்ணப்படம், 4 என்றால் பெரும்பாலும் அச்சகத்துக்கான சிஎம்ஒய்கே என்ற நிற முறை. இந்த 4 வந்தால் இந்தக் கட்டுரையின் ஏழாம் தலைப்பை அவசியம் படியுங்கள்.

192 க்குப் பதில் 194 இருந்தால் அது புரோகிரெசிவ் ஜேபெக், படத்தைப் படிப்படியாகத் தெளிவாக்கிக் காட்டும் வகை. எல்லாப் பிரவுசரும் அதைத் திறக்கும் என்றாலும், விண்ணப்பத்துக்கு 192 ஆக இருப்பதே பாதுகாப்பு. சேமிக்கும்போது "புரோகிரெசிவ்" என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஒரு பொறி இருக்கிறது. 255 192 ஐத் தேடு என்று எடிட்டரில் கொடுத்தால், முதலில் கிடைப்பது எக்ஸிஃப்புக்குள் இருக்கும் குட்டிப்படத்தின் அளவாக இருக்கலாம். 160 × 120 என்று ஏதோ வந்தால் அது அந்தக் குட்டிப்படம்தான். ஒவ்வொரு பகுதியின் நீளத்தையும் படித்து, அத்தனை பைட் தாண்டி அடுத்த பகுதிக்குப் போவதே சரியான முறை. 255 218 வந்ததும் நிறுத்திவிடலாம், அதற்குப் பின்னால் இருப்பது சுருக்கிய படம்.

5. பிஎன்ஜி கேட்டால், அல்லது கையில் பிஎன்ஜி இருந்தால்

பிஎன்ஜியின் முதல் எட்டு பைட் எப்போதும் 137 80 78 71 13 10 26 10. அதன்பின் 0 0 0 13 என்ற நீளம், ஐஎச்டிஆர் என்ற நான்கு எழுத்து, பிறகு அகலம் நான்கு பைட், உயரம் நான்கு பைட். இங்கே அகலம்தான் முதலில். 276 × 354 படத்துக்கு 0 0 1 20, 0 0 1 98. தொடர்ந்து பிட் ஆழம் 8, அடுத்து நிற வகை: 2 என்றால் சாதாரண வண்ணம், 6 என்றால் வண்ணத்தோடு ஒளிபுகும் தன்மையும் உண்டு.

அந்த 6 கையெழுத்துப் படங்களில் வம்பு செய்யும். போன் ஆப்பில் பின்னணியை அகற்றிய கையெழுத்து வெள்ளைத் தாளில் இருப்பது போலவே தெரியும். அதை ஜேபெக்காக மாற்றினால் சில மென்பொருள்களில் பின்னணி முழுக்கக் கறுப்பாகிவிடும், கறுப்பு மையில் போட்ட கையெழுத்து காணாமல் போகும். ஜேபெக்கில் ஒளிபுகும் தன்மைக்கு இடமே இல்லை என்பதுதான் காரணம். கிம்ப் மென்பொருளில் பின்னணி நிறத்தை வெள்ளையாக வைத்து, "இமேஜ்" மெனுவில் "ஃபிளாட்டன்" கொடுத்த பிறகு ஏற்றுமதி செய்யுங்கள்.

பிஎன்ஜி ஹெடரில் எண்ணைக் கையால் மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றினால் வேண்டாம். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கிறது. ஒரு பைட் மாறினாலும் அந்த எண் ஒத்துப்போகாமல் ஃபைல் பழுதானதாகிவிடும்.

6. கணினியில் நேராக இருக்கும் படம் தளத்தில் சாய்ந்து விழுந்தால்

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும், பல போன்கள் பிக்சல்களைப் படுக்கையாகவே எழுதுகின்றன. எழுதிவிட்டு, எக்ஸிஃப்பில் "காட்டும்போது சுழற்று" என்று ஓர் எண்ணைக் குறிக்கின்றன. 1 என்றால் அப்படியே காட்டு. 6 என்றால் வலப்பக்கம் கால் சுற்று. 3 என்றால் தலைகீழ். 8 என்றால் இடப்பக்கம் கால் சுற்று. உங்கள் கேலரி இந்த எண்ணை மதித்துச் சுழற்றிக் காட்டும். விண்ணப்பத் தளம் மதிக்காவிட்டால் முகம் சாய்ந்துவிடும்.

இதற்காகப் படத்தை எதிர்ப்பக்கம் சாய்த்து ஏற்றாதீர்கள். முன்னோட்டத்தில் ஒரு மாதிரியும் ஹால் டிக்கெட்டில் வேறு மாதிரியும் வரலாம். கிம்ப்பில் திறந்தால் சுழற்றவா என்று அதுவே கேட்கும். சரி என்று கொடுத்து, எக்ஸிஃப் இல்லாமல் ஏற்றுமதி செய்தால் பிக்சல்களே நிமிர்ந்துவிடும்.

7. கேபி குறையவே மாட்டேன் என்றால்

நாங்கள் அதிகம் சிரமப்பட்டது இதில்தான். ஸ்டுடியோவில் கொடுத்த படம் 276 × 354 பிக்சல், சரியான அளவு. ஆனால் ஃபைலோ அரை எம்பிக்கு மேல். தரத்தை எவ்வளவு குறைத்தாலும் 50 கேபியை நெருங்கவில்லை, முகம் கட்டம் கட்டமாக உடைந்ததுதான் மிச்சம்.

கணக்குப் போட்டால் இந்தப் படம் மட்டும் அரை எம்பி இருக்கவே முடியாது என்று தெரியும். 276 × 354 என்பது 97,704 பிக்சல். ஒரு பிக்சலுக்கு மூன்று பைட் என்றால், கொஞ்சமும் சுருக்காமல் வைத்தாலே 2,93,112 பைட், அதாவது ஏறக்குறைய 286 கேபி. சுருக்கிய ஜேபெக் அதைவிடப் பெரிதாக இருக்கிறது என்றால் உள்ளே படம் அல்லாத வேறு ஏதோ இருக்கிறது. ஹெடரைப் பார்த்தால் 255 226 என்ற பகுதி ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருந்தது. நிறங்களின் கணக்கு 4. அச்சுக்கான சிஎம்ஒய்கே படமும், அதன் நிற விவரத்தைச் சொல்லும் கலர் புரொஃபைலும். அமெரிக்க அச்சு முறைக்கான ஸ்வாப் என்ற புரொஃபைல் மட்டுமே 5,57,168 பைட். ஒரு பகுதியின் நீளத்தைச் சொல்ல இரண்டு பைட்தான் உண்டு என்பதால், ஒரு பகுதியில் 64 கேபிக்கு மேல் கொள்ளாது. அதனால்தான் அதைத் துண்டு துண்டாக அடுக்கி வைத்திருந்தது. நீங்கள் தரத்தைக் குறைக்கும்போது படம் மட்டும் குறையும், இது அப்படியே உட்கார்ந்திருக்கும்.

தீர்வு எளிது. கிம்ப்பில் திறந்து, திரைக்கான வழக்கமான நிற முறையான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றவா என்று கேட்டால் மாற்றச் சொல்லி, ஏற்றுமதிப் பெட்டியில் கலர் புரொஃபைல், எக்ஸிஃப், எக்ஸ்எம்பி, குட்டிப்படம் என்று இருக்கும் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். அதே படம் நல்ல தரத்திலேயே வரம்புக்குள் வந்துவிடும். ஸ்டுடியோவில் படம் எடுக்கும்போதே "ஆர்ஜிபி ஜேபெக், ஆன்லைன் அப்ளிகேஷனுக்கு" என்று சொல்லி சாஃப்ட் காப்பி வாங்கிக்கொண்டால் இந்த வேலையே இல்லை.

எதிர்ச் சிக்கலும் உண்டு: ஃபைல் சிறுத்துப்போவது. 140 × 60 கையெழுத்தில் பெரும்பகுதி வெள்ளைத் தாள். வெள்ளையை ஜேபெக் மிக நன்றாகச் சுருக்கிவிடும் என்பதால் 10 கேபி கீழ் வரம்பைத் தொடவே தொடாது. தரத்தை 100 ஆக்குங்கள், சப்சாம்பிளிங் என்ற இடத்தில் 4:4:4 தேர்ந்தெடுங்கள். அப்படியும் போதவில்லை என்றால் அறிவிப்பை மறுபடி பாருங்கள். பிக்சல் அளவு கட்டாயம் என்று இல்லாமல் "விரும்பத்தக்கது" என்று இருந்தால், அதே விகிதத்தில் 280 × 120 ஆக மூல ஸ்கேனில் இருந்தே எடுக்கலாம். பிக்சலை மாற்றவே கூடாது என்றால், முன்பு எடுக்கச் சொன்ன குட்டிப்படம், எஸ்ஆர்ஜிபி புரொஃபைல் டிக்குகளை இங்கே மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். தளம் எண்ணுவது முழு ஃபைலின் பைட்டுகளை, அதில் ஹெடரும் சேரும்.

8. மாற்றும் வரிசை

மூலப்படத்தைத் தனி ஃபோல்டரில் வைத்து அதைத் தொடாதீர்கள். ஐபோனில் எடுப்பதாக இருந்தால் அமைப்புகளில் கேமரா, அதற்குள் ஃபார்மட்ஸ் என்ற இடத்தில் "மோஸ்ட் கம்பாட்டிபிள்" தேர்வு செய்துவிட்டு எடுங்கள், ஜேபெக்காகவே கிடைக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கிவிடும்.

பிறகு இந்த வரிசையில் போங்கள்: நிமிர்த்துவது, வெட்டுவது, பிக்சல் அளவைக் குறைப்பது, டிபிஐ எண்ணை இடுவது, கடைசியாகத் தரத்தைச் சரிசெய்து ஜேபெக்காக ஏற்றுமதி செய்வது. வெட்டும்போதே விகிதத்தைப் பூட்டிக்கொள்ளுங்கள். 3.5 × 4.5 க்கு 7:9. விகிதம் பார்க்காமல் நேரடியாக 276 × 354 என்று அமுக்கினால் முகம் ஒடுங்கும் அல்லது அகலும், அது நிராகரிக்கக் காரணமாகலாம். கிம்ப்பின் ஏற்றுமதிப் பெட்டியில் முன்னோட்டத்தை இயக்கினால், தரத்தை நகர்த்த நகர்த்த ஃபைல் எத்தனை கேபி என்று காட்டும்.

20 முதல் 50 கேபி என்றால் 22 க்கும் 48 க்கும் இடையில் நிறுத்துங்கள். ஒரு கேபி என்பதைச் சில தளங்கள் 1,000 பைட் என்றும் சில 1,024 பைட் என்றும் எண்ணும். விண்டோஸ் பிராப்பர்டீஸில் "சைஸ்" என்ற வரியைப் பாருங்கள். கீழே இருக்கும் "சைஸ் ஆன் டிஸ்க்" வட்டில் பிடித்த இடம், அது பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

சரியாக வரவில்லை என்றால் மூலப்படத்தில் இருந்து மறுபடி தொடங்குங்கள். ஜேபெக்கை மாற்றிச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தெளிவு போகும், போனது வராது.

9. காகிதம், காசு, நேரம்

இர்ஃபான்வியூ, கிம்ப், எச்எக்ஸ்டி மூன்றுக்கும் செலவில்லை. நெட் சென்டரில் செய்வதாக இருந்தால், தயாரான ஃபைலைப் பென் டிரைவில் கொண்டுபோய் ஏற்ற மட்டும் கேளுங்கள். படத்தைச் சுருக்குவதற்கும் ஏற்றுவதற்கும் தனித்தனியாகக் கேட்கும் கடைகள் உண்டு. கட்டணத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வெளியே வரும்முன் அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் ரீசைக்கிள் பின்னிலும் உங்கள் போட்டோ, கையெழுத்து, சான்றிதழ்களை அழித்துவிடுங்கள்.

கையெழுத்தையும் விரல் ரேகையையும் முகம் தெரியாத "இலவச கம்ப்ரஸ்" தளங்களில் ஏற்றாதீர்கள். உங்கள் பெயரில் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தக்கூடிய பொருள் அது. பிரவுசரில்தான் செய்ய வேண்டும் என்றால் ஸ்குவூஷ் (Squoosh) என்ற தளத்தைப் பயன்படுத்துங்கள், அது படத்தை வெளியே அனுப்பாமல் உங்கள் கணினிக்குள்ளேயே சுருக்குகிறது. போனில் எடுத்த படத்தின் எக்ஸிஃப்பில் வீட்டின் ஜிபிஎஸ் இருக்கலாம் என்பதால், அதை நீக்கிவிட்டு ஏற்றுவது எந்த வகையிலும் நல்லது. வெட்டிய படத்தின் குட்டிப்படத்தில் சில சமயம் வெட்டுவதற்கு முந்தைய முழுப்படமே இருக்கும், அதுவும் எக்ஸிஃப்போடு போய்விடும்.

கையெழுத்தை வெள்ளைத் தாளில், அறிவிப்பு சொல்லும் மையில் போடுங்கள். ஐபிபிஎஸ் கறுப்பு மை கேட்கிறது, ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் போட்ட கையெழுத்தை ஏற்பதில்லை. ஃபைல் பெயரில் தமிழ் எழுத்து, இடைவெளி, அடைப்புக்குறி எதுவும் வேண்டாம்.

விண்ணப்பம் திறந்த முதல் வாரத்திலேயே ஃபைல்களைத் தயார் செய்துவிடுங்கள். கடைசி இரண்டு நாளில் தளம் மெதுவாகும், ஏற்றிக்கொண்டிருக்கும்போதே லாகின் காலாவதியாகும். அந்த நெருக்கடியில் "செல்லாத கோப்பு" வந்தால், தவறு ஃபைலிலா தளத்திலா என்றே தெரியாது.

ஏற்றிய பிறகு முன்னோட்டத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல், பணம் கட்டுவதற்கு முன் விண்ணப்பத்தின் முழுப் பக்கத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். போட்டோ இருக்கும் கட்டத்தில் போட்டோவும் கையெழுத்து இருக்கும் கட்டத்தில் கையெழுத்தும் இருக்கின்றனவா, இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மூலப்படம், ஏற்றிய ஃபைல்கள், விண்ணப்ப பிடிஎஃப், பணம் கட்டிய ரசீது நான்கையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, இன்னொரு நகலை மெயிலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். நேர்காணல், சான்றிதழ் சரிபார்ப்பு என்று பல மாதம் கழித்தும் அதே போட்டோவின் பிரதியைக் கேட்பார்கள். அச்சுக்குக் கொடுக்க ஏற்றிய சிறிய ஃபைல் போதாது, அந்த மூலப்படம்தான் வேண்டும்.